மீட்சி
'ஆள்' ஆட்சியானதுபோல, 'மீள்' என்ற வினையடியிலிருந்து 'மீட்சி' பிறந்தது. திரும்புதல், தப்புதல் இரண்டும் அதன் பொருள். 'மீண்டும் குடித்தார்', 'குடியிலிருந்து மீண்டார்' என்னும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஆகவே மீட்சி ஒருநாளில் முடியும் செயலன்று. திரும்பத் திரும்ப எடுத்துவைக்கும் அடி. மருத்துவமும் குடிநோயை நாள்பட்ட, மறுபடி தலைதூக்கக்கூடிய நோயென்றே கருதுகிறது.

இப்படிக் கருதுவது சறுக்கலுக்குச் சாக்காகாதா என்று கேட்கலாம். ஆகாது; சறுக்கியவரைத் தோற்றவரென ஒதுக்கினால், அவர் சிகிச்சைக்குத் திரும்பும் வழியே அடைபடும். மனஉறுதி போதாதா என்பாரும் உண்டு. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம், சிலருக்கு உயிராபத்தே நேரலாம். மருத்துவத் துணை கட்டாயம். 'மீள்தல்' தன்வினை, 'மீட்டல்' பிறவினை. குடிநோய்க்கு இரண்டும் வேண்டும்: குடிநோயாளி மீளவேண்டும், நாம் மீட்கவேண்டும்.