360 நாள் பெருமக்கள்



நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு என்றதும் எல்லோரும் குடவோலையைச் சொல்வார்கள். வெளியூர் உறவினர் வந்தால் கூட்டிப்போய்க் காட்டியும் இருப்பீர்கள். ஆனால் தேர்ந்தெடுத்த ஆட்களை ஊர் எப்படி நடத்தியது என்பதும் அதே சுவரில் இருக்கிறது. பொதுக்குழுவில் அடுத்த செயற்குழுவுக்குப் பெயர் கேட்டதும் ஆளுக்கொரு பக்கம் செல்போனைப் பார்க்கிறோமே, அதனால் இந்த இதழுக்கு அதை எழுதலாம் என்று தோன்றியது.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் அவை. முதலில் போட்ட விதியில் குறை கண்டு இரண்டே ஆண்டில் திருத்தியிருக்கிறார்கள். ஊரை 30 குடும்புகளாக, நம் வார்டு மாதிரி, பிரித்து, குடும்புக்கு ஒருவராக ஓலை எடுத்தார்கள். அந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் தனி. வயது 35-க்கு மேல், 70-க்குள். பதவிக்காலம் 360 நாள்.

இனித்தான் விஷயம். வாரியத்தில் இருப்பவர்களுக்குக் கல்வெட்டு தரும் பெயர் 'வாரியப் பெருமக்கள்'. ஏரிக் கரையையும் மதகையும் கவனித்தவருக்கு அந்த மரியாதை. நம் குடியிருப்பில் தண்ணீர் லாரிக்கு விடிகாலையில் போன் போடுகிறவருக்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். லாரி தாமதமானால் மட்டும்தான் அவர் ஞாபகம் வருகிறது.

இன்னொன்று, சம்வத்சர வாரியம் எல்லோருக்கும் கிடைக்காது. முன்பே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் வேலை பார்த்தவர்களையும், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களையும் அதற்கு எடுத்தார்கள். மண்ணில் நின்று உழைத்ததை ஊர் கணக்கில் வைத்திருந்தது. பொன்னாடையைவிட இது பெரிய பாராட்டு என்பது என் எண்ணம்.

ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டுக்கு வரக்கூடாது. முறைகேட்டைத் தடுக்கும் விதி என்று சொல்வார்கள், சரிதான். உழைத்தவரை வீட்டுக்கு அனுப்பி ஓய்வெடுக்க விடும் விதியும் அதுதான். நாமோ நன்றாகச் செய்கிறாரே என்று ஒரே பொருளாளரை வருஷக்கணக்காக விடுவதில்லை. அவர் முடியாது என்றால் கோபித்துக்கொள்ளவும் செய்கிறோம்.

கணக்கு விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் பட்டியல் போட்டு விலக்கப்பட்டார்கள். வங்கியில் கடன் வாங்கியவரோடு ஜாமீன் போட்டவரையும் பிடிப்போம், அதைவிடக் கடுமை! கணக்கு கேட்பது அவமதிப்பு என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். கணக்கைக் கேட்டு, சரி என்று சபையில் சொன்னால் அதுவே நேர்மையானவருக்குக் கௌரவம். கேட்காமலே விட்டால்தான் பின்னால் வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அது பிராமணர் சபை. வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். பெண்களுக்கு அதில் இடமில்லை. ஏரியில் மண் சுமந்தவர்கள் 'பெருமக்கள்' ஆகவில்லை. இன்று நம் பட்டியல் அப்படி இருக்க முடியாது. குப்பை வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர்கள், அங்கன்வாடி ஊழியர், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீடு தேடி வரும் பெண்கள், எல்லோரும் நம் ஊர் வாரியத்தார்தான். அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

அடுத்த பொதுக்குழுவுக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். விடைபெறும் செயற்குழுவினர் ஒவ்வொருவர் பெயரும், அவர் என்ன வேலை பார்த்தார் என்பதும், மேலே சொன்ன பணியாளர்கள் பெயரும் சபையில் வாசிக்கப்பட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். ஐந்து நிமிட வேலை. முதல் வரைவை நானே எழுதித் தருகிறேன். பெயர்களை மட்டும் பிளாக் வாரியாக நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.