முதல் மோட்டார் யாருக்காக? தோட்டத்துச் சைக்கிள் முதல் கப்சாய் வரை



கிளேபாங்கில் குடியிருக்கும் என் தங்கை சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தாள். அவள் மகன் படிவம் நான்கில் பயில்கிறான். பதினாறு வயது நிறைந்துவிட்டது, மோட்டார் கேட்கிறான். “அண்ணே, தாய்மாமன் நீங்க இருக்கீங்க. எதை வாங்குறதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அவள் கணவர் மோட்டார் விபத்தில் மறைந்தபோது இந்தப் பையன் இரண்டாம் ஆண்டு மாணவன். அதை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுவது எனக்கு எளிது. ஆனால் தங்கைக்குத் தஞ்சோங் கிளிங் பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பையனுக்கு மாலை வகுப்பு முடியும் நேரத்தில் பேருந்து கிடைப்பதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் முன்பு இதே கேள்வி எங்கள் லயத்து வீட்டிலும் எழுந்தது. அதனால்தான் விடை சொல்லுமுன் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க விழைந்தேன்.

மலாக்காத் தமிழர் பலரின் கதை ரப்பர் மரத்தடியில் தொடங்குவது. மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டவர் டான் சே யான். 1896ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் தொடங்கி, பின்னர் புக்கிட் அசாஹானில் அதைப் பெரிதாக விரிவாக்கினார். நான் அறிந்த தோட்டங்களில் வாழ்வு முழுவதும் கால்நடைத் தூரத்துக்குள் அடங்கியிருந்தது. லயம், பெரட்டுக்களம், நிரை, பால் ஸ்டோர், கோயில், பள்ளி எல்லாமே நடந்தால் எட்டிவிடும். என் தந்தையார் சைக்கிள் வாங்கிய பின்னர்தான் எங்களுக்கு ஜாசின் பட்டணம் ‘பக்கம்’ ஆனது. பின்னிருக்கையின் இருபுறமும் பால் வாளிகள் தொங்கும் அந்தச் சைக்கிளைப் பார்த்தவர்கள் இன்றும் மறக்கமாட்டார்கள்.

அந்தச் சைக்கிளின் இடத்தைப் பிடித்த வண்டி நமக்காகச் செய்யப்பட்டதன்று. ஆயினும் நமக்கென்றே அளவெடுத்ததுபோல் அமைந்தது. 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் ‘சூப்பர் கப்’ என்னும் சிறிய வண்டியை வெளியிட்டது. 49 சி.சி. அளவே கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரம். நிறுவனர் சொய்ச்சிரோ ஹோண்டாவும் அவருடைய கூட்டாளி தக்கேயோ புஜிசாவாவும் அவ்வண்டிக்கு விதித்த நிபந்தனை வேடிக்கையானது: ஒரு கையில் மீ பெட்டியை ஏந்தி வீடு வீடாகக் கொண்டு கொடுக்கும் கடைப் பையன், மறு கையால் மட்டுமே வண்டியை ஓட்ட முடியவேண்டும். ஆகவே இடக்கைக் கிளட்ச் நீக்கப்பட்டது. காலால் கியரை மிதித்தால் கிளட்ச் தானே இயங்கும். சேறு தெறிக்காமலிருக்க முன்னால் கால்மறைப்பு. சேலையோ சாரோங்கோ அணிந்தவரும் காலைத் தூக்கிப்போடாமல் ஏறிக்கொள்ள நடுவே தாழ்ந்த உடல்.

இதனை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர் லோ பூன் சியூ. 1915இல் சீனாவின் புஜியான் மாநிலத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் பினாங்கு வந்து, பட்டறை வேலையில் வளர்ந்தவர். 1958இல் ஜப்பான் சென்றபோது இவ்வண்டியைக் கண்டு, இங்கே விற்கும் உரிமையைப் பெற்றார். ‘கப்’ என்ற பெயரோடு ‘சிறியது’ எனப் பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து ‘கப்சாய்’ ஆயிற்று. நாளடைவில் எந்த நிறுவனத்தின் சிறிய மோட்டாரும் நம் வாயில் கப்சாய்தான்.

எங்கள் லயத்தில் முதல் சி70 வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. 72 சி.சி., மூன்று கியர். அதை யாரும் ‘அவருடைய மோட்டார்’ என்று சொன்னதில்லை. ‘அந்த வீட்டு மோட்டார்’ என்றே சொன்னார்கள். விடியலில் தகப்பன் வெட்டுக்குப் போவார். பிறகு பிள்ளை பள்ளிக்கு. மாலையில் தாய் மருத்துவமனைக்கு. தவணைப் பணத்தை வீடே சேர்ந்து கட்டியது. ஆகவே வீட்டில் உயரம் குறைந்தவரின் கால் தரையில் பதிகிறதா என்பதே முதல் கேள்வியாக இருந்தது. வேகத்தைப் பற்றி எவரும் பேசிக் கேட்டதில்லை.

பையன்கள் தங்களுக்கென்று மோட்டார் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது பின்னாளில்தான். 1970களில் பத்து பிரெண்டாமில் தடையற்ற வாணிப வட்டாரம் எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைச் சம்பளம் கண்டார்கள். 1980களின் நடுவில் யமஹா ஆர்எக்ஸ்இசட் வந்தது, 133 சி.சி. டூ ஸ்ட்ரோக், கைக்கிளட்ச். அதன் ஓசை தெருமுனையில் கேட்டாலே நாங்கள் புத்தகத்தை மூடிவிடுவோம். 1987இல் ஹோண்டாவின் இஎக்ஸ்5 வந்தது; நான்கு கியர், கிளட்ச் பிடி கிடையாது. 1996இல் கெடா, குருனில் தயாரான மொடெனாஸ் கிரிஸ் வந்தபோது, நம் நாட்டு மோட்டார் என்று நாங்கள் பெருமைப்பட்டோம்.

1988இல் நான் ஆறாம் படிவ மாணவன். கிளட்ச் வண்டிதான் வேண்டுமென்று அப்பாவிடம் மூன்று நாள் பேசாமலிருந்தேன். அவர் மறுத்துவிட்டார். அதே வாரம் நண்பனின் கிளட்ச் வண்டியைக் கெஞ்சி வாங்கி ஓட்டினேன். சந்தியில் ஒரு லாரி திரும்பியது. கிளட்சைப் பிடிப்பதா, கியரைக் குறைப்பதா, பிரேக்கை அழுத்துவதா என்று கையும் காலும் குழம்பின. என் பார்வை சாலையை விட்டுக் கீழே இறங்கியது. வண்டி சாய்ந்து சாலையோரம் விழுந்தேன். முழங்கைத் தழும்பு இன்றும் உண்டு. பிழை வண்டியுடையதன்று, என்னுடையதே. கற்றுக்கொள்பவனுக்குக் கவனம் கொஞ்சமே கைவசம் இருக்கிறது, அதை இயந்திரம் தின்றுவிடக்கூடாது என்று அன்று எனக்குப் புரிந்தது. அப்பா தோட்டத்துக் கிராணியிடமிருந்து பழைய சி70 ஒன்றை வாங்கித் தந்தார். அதில்தான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வரை போனேன்.

சட்டம் இவ்விடத்தில் பெற்றோருக்கு அதிகம் உதவாது. பதினாறு வயதில் பெறக்கூடிய ‘பி2’ உரிமம் 250 சி.சி. வரை ஓட்ட இடந்தருகிறது. ‘எல்’ ஒட்டிய காலத்தில் பின்னால் ஆள் ஏற்றக்கூடாது. அதன்பின் ஈராண்டு ‘பி’. வண்டியின் அளவு குடும்பத்தின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. 1973இல் தலைக்கவசம் கட்டாயமானது. 1992இல் பகலிலும் முன்விளக்கு எரியவேண்டும் என்ற விதி வந்தது. சிரம்பான், ஷா ஆலம் பகுதிகளில் செய்த ஆய்வில், கண்ணில் படாமையால் நேரும் மோட்டார் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்ததாகக் கண்டார்கள். அவ்வளவு இருந்தும் 2016ஆம் ஆண்டில் மட்டும் நம் சாலைகளில் 7,152 பேர் மாண்டார்கள். பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் சென்றவர்கள்.

(பள்ளி வாசலில் காலையில் நிற்கும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். அப்பாவுக்குத் தலைக்கவசம் இருக்கும். முன்னால் நிற்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு இருக்காது. நாம் ‘வணக்கம்’ சொல்லி உள்ளே அனுப்பிவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் அனுப்பினேன்.)

மருமகன் விரும்பியது 150 சி.சி. கைக்கிளட்ச் வண்டி. “மாமா, கப்சாய்ல போனா பசங்க சிரிப்பாங்க” என்றான். அப்பாவிடம் மூன்று நாள் பேசாதிருந்த கதையையும் தழும்பையும் காட்டினேன். அவன் முழுமையாக ஒப்பவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தான். தேங்காய் ஷேக் குடிக்க வந்த வெளியூர்க் கார்கள் கிளேபாங் சாலையை அடைத்திருந்தன. பையன் அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தான்.

கடையில் 110 சி.சி. வண்டியில் ஏறி உட்கார்ந்தான்; இரு கால்களும் தரையில் பதிந்தன. பிரேக்கை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். நிறம் கேட்டார் கடைக்காரர். பையன் கறுப்பு என்றான். அதுவரை வாசலிலேயே நின்றிருந்த தங்கை உள்ளே வந்தாள். “சிவப்பு இருக்கா? தூரத்துல இருந்தே தெரியணும்” என்றாள்.

சிவப்பு அடுத்த வாரம் வரும் என்றார்கள். தலைக்கவசத்தை மட்டும் அன்றே வாங்கிக்கொண்டு திரும்பினோம்.