பொருள் தேடி முடித்த பின்னர்: தஞ்சைப் பண்டிதர் ஒருவரின் வரலாறு

பொருள் தேடி ஊரை விட்டு வந்தவர்களின் வழிவந்தோர் நாம். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் பாட்டன்மார் இக்கோலார் தங்க வயலுக்கு மூட்டை முடிச்சுடன் வந்திறங்கியபோது, வாழ்க்கையின் நோக்கம் யாது என்று அவர்களை ஒருவரும் வினவவில்லை. வினவியிருந்தால் நகைத்திருப்பார்கள். சங்கு ஊதினால் சுரங்கத்தில் இறங்க வேண்டும்; சம்பள நாளன்று கடைக்காரர் கணக்கைத் தீர்க்க வேண்டும்; ஊரிலுள்ள தாய்க்கு மணியார்டர் அனுப்ப வேண்டும். நோக்கம் அவ்வளவே. அது ஓர் ஆயுளுக்குப் போதுமானதாகவும் இருந்தது.

இன்று நிலைமை வேறு. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பெற்றன. அதனால் நொடிந்த குடும்பங்கள் பல உண்டு. அவற்றை மறந்துவிட்டு எல்லோரும் நிறைவெய்திவிட்டனர் என்று எழுதுவது அறமாகாது. ஆயினும் பாலகாட்டிலும் பிற பகுதிகளிலும் மற்றொரு சாராரும் இருக்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் விடியற்கால வண்டியேறிப் பெங்களூர் சென்று பொருளீட்டுகிறார்கள். கடன் தீர்ந்தது, வீடு எழும்பியது, பெண்கள் நல்லிடம் புகுந்தனர். அவ்வீட்டுப் பெரியவர்களோ, காலைப் பத்திரிகையை இருமுறை படித்து முடித்து, உச்சிப்பொழுது வருமுன்னரே சோர்ந்து அமர்ந்திருக்கிறார்கள். வயிற்றுக்கு உண்டு, பொழுதுக்கு இல்லை. “இனி நமக்கென்ன வேலை?” என்று அவர்கள் கேட்பது வெறும் பேச்சன்று என்பதை அருகிருந்து காண்கிறோம். அக்கேள்விக்கு விடை கூறும் தகுதி, நிலையத்திலே கணக்கெழுதும் நமக்கில்லை. அதற்குத் தம் வாழ்வால் விடை கண்ட ஒருவரின் வரலாற்றை எடுத்துரைப்பதே இம்மலரில் நாம் செய்யக்கூடியது.

நம் வயலே இக்கேள்வியினின்று தோன்றியது என்று சொன்னால் மிகையாகாது. நியூசிலாந்துப் போரிலே பணியாற்றிய அயர்லாந்து நாட்டுப் படைவீரர் லவேல் என்பார், ஓய்வு பெற்றுப் பெங்களூர்த் தண்டில் குடியமர்ந்தார். அமைதியாக நாளைக் கழித்திருக்கலாம். அவர் கையிலே, லெப்டினன்ட் வாரன் 1804-இல் இப்பகுதித் தங்கத்தைப் பற்றி எழுதிய குறிப்பொன்று அகப்பட்டது. 1871-இல் மாட்டு வண்டி பூட்டிக்கொண்டு கோலார் நோக்கிப் புறப்பட்டுவிட்டார்! மைசூர் அரசினரிடம் உரிமை பெற்றுக் குழி தோண்டினார், கைப்பொருள் போதவில்லை, 1877-இல் உரிமையைப் பிறரிடம் விட்டார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து, பின்னர் தங்கத்தைக் கண்டனர். ஓய்வு அவருக்குத் தித்திக்கவில்லை என்பதற்கு லவேல் சான்றாவார்; எனினும் அவர் மீண்டும் தேடப் புறப்பட்டதும் பொருளையே. பொருள் போதும் என்ற நிலையை அடைந்து, அதற்கப்பால் வேறொன்றைத் தேடியவரைக் காண வேண்டுமாயின் நாம் தமிழகத்துக்கு, தஞ்சைக்குச் செல்ல வேண்டும்.

ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள், தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில், எளிய குடும்பத்தில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அங்கே சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் இசை பயின்றார் என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டியிருக்கும். இளமையிலேயே மூலிகைகளின் மேல் அவருக்குப் பற்று மிகுதி. சுருளிமலையிலே கருணானந்தர் என்னும் பெரியவரிடம் மருத்துவ நுட்பங்களைக் கற்றார். பின்னாளில் தாம் செய்த மருந்துக்கும், வளர்த்த தோட்டத்துக்கும் அப்பெரியவர் பெயரையே சூட்டினார்.

1880-களில் அவரும் அவர் மனைவியார் ஞானவடிவு பொன்னம்மாளும் தஞ்சை வந்து, லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றனர். இருவர் சம்பளம், நிலையான வேலை. பள்ளி முடிந்த நேரத்தில் மருந்து செய்தார். மருந்தின் பெயர் பரவவே, 1890-இல், முப்பத்தோராம் வயதில், ஆசிரியப் பணியை விட்டு விலகினார். கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் இந்தியாவெங்கும் சென்றன. இலங்கை, பர்மா முதலிய நாடுகளுக்கும் கப்பலேறின. தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கிக் கருணானந்தபுரம் என்னும் பெருந்தோட்டத்தை அமைத்தார். மூலிகைகளுடன் கரும்பு முதலிய பயிர்களையும் ஆராய்ந்து வளர்த்து, விவசாயக் கண்காட்சிகளிலே பரிசுகளும் பெற்றார். மக்கள் அதனைப் பண்டிதர் தோட்டம் என்றே வழங்கினர். 1909-இல் அரசினர் ராவ் சாகிப் பட்டம் அளித்தனர்.

இவ்விடத்தே ஒரு நிமிடம் நிற்போம். ஐம்பது வயது; குறைவற்ற செல்வம்; அரசாங்க மதிப்பு; தோட்டம்; மக்கட்பேறு. நம் காலனியில் ஒருவர் இந்நிலையை அடைந்தால் நாம் என்ன சொல்வோம்? “கொடுத்து வைத்தவர், இனிக் காலை நீட்டி உட்காரலாம்” என்போம். பண்டிதரைக் குறித்தும் தஞ்சையார் அவ்வாறு கூறியிருப்பர். அவரோ, ஒருவரும் தம்மை விடுக்கச் சொல்லாத புதிர் ஒன்றைக் கையில் எடுத்தார்.

புதிர் இதுதான். ஒரு ஸ்தாயியில், அதாவது ஒரு ஸட்ஜத்துக்கும் அடுத்த ஸட்ஜத்துக்கும் இடையில், நுண்ணிய சுருதிகள் எத்தனை? 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் 22 என்கிறது. இசைவாணர் பலரும் அந்த எண்ணைச் சொல்லி வந்தனர். ஆனால் அதனைக் கணக்கிட்டு, நடைமுறையில் பாடும் இராகங்களோடு பொருத்த முயன்றால் ஒருவர் கூற்று மற்றவர் கூற்றோடு ஒட்டவில்லை. பண்டிதர் சிலப்பதிகாரத்தைத் திறந்தார். அந்நூலை உ. வே. சாமிநாதையர் 1892-இல்தான் உரையோடு பதிப்பித்திருந்தார். ஆய்ச்சியர் நின்று ஆடும் வட்டமும், பன்னிரண்டு இராசி வீடுகளில் ஏழு சுரங்களை நிறுத்தும் முறையும் அவ்வுரைகளிலே கிடந்தன. அவற்றைக் கொண்டு கணக்கிட்டுச் சுருதிகள் 24 என்றும், இன்று கருநாடக சங்கீதம் என வழங்கும் இசையின் வேர் பழந்தமிழிசையே என்றும் அவர் முடிவு கண்டார். மருந்தை நிறுத்துப் பழகிய கை, சுருதியையும் நிறுத்துப் பார்த்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

1911-இல் அவர் மனைவியார் பொன்னம்மாள் காலமானார். சம்பளத்தில் வாழ்ந்த நாளிலும் செல்வத்தில் வாழ்ந்த நாளிலும் உடனிருந்தவர் அவர். துயரத்தில் ஒடுங்கிவிடுவதற்கு வேறு காரணம் வேண்டுவதில்லை. ஆனால் அடுத்த ஆண்டிலேயே, 1912 மே 27-இல், தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தின் முதல் மாநாட்டைப் பண்டிதர் கூட்டினார். தொடர்ந்து பல மாநாடுகள் நடந்தன. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் முதலிய வித்துவான்கள் வந்து கலந்தனர். மாநாட்டுச் செலவைத் தம் கைப்பொருளிலிருந்தே பண்டிதர் ஏற்றார். புரவலர் பலர் வித்துவான்களை அழைத்துப் பாடச் சொல்லிப் பொன்னாடை போர்த்துவது வழக்கம். இவரோ அழைத்து வந்து, பாடவும் செய்து, அதன்மேல் தம்மோடு வாதமிடுமாறு வேண்டினார். செலவும் செய்து மறுப்பையும் கேட்டுக்கொள்வார் எத்தனை பேர்? நம் சங்கத்திலேயே, நன்கொடை நூறு ரூபாய் அளித்தவரை எதிர்த்துப் பேசிவிட்டால் அடுத்த ஆண்டு அந்நூறு வராது.

1916 மார்ச்சில் பரோடா நகரில், பாத்கண்டே அவர்களின் முயற்சியால், மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவில், முதல் அகில இந்திய சங்கீத மாநாடு கூடியது. பண்டிதர் அங்கும் சென்றார். தஞ்சையிலிருந்து பரோடாவுக்கு எத்தனை மைல், எத்தனை இரவு என்பதை இரயில்வேயில் இருக்கும் நாம் ஒருவாறு உணர்வோம். ஐம்பத்தாறு வயதில் அது உல்லாசப் பயணமன்று. தம் குடும்பத்துப் பெண்மணிகளையும் உடனழைத்துச் சென்று, அவர்கள் வீணை மீட்டியும் பாடியும் காட்ட, தம் கொள்கையை அவையிலே விளக்கினார். எல்லோரும் தலையசைத்துவிட்டனர் என்று எண்ண வேண்டா. ஸ்தாயியைச் சமமாக 24 பங்கிடும் அவர் கொள்கையை அன்றும் மறுத்தனர். இன்றும் மறுக்கும் அறிஞர் உளர். ஆனால் பழந்தமிழிசை பற்றி அவர் எழுப்பிய கேள்வி அழியவில்லை. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிய காலத்துக்கு மிக முன்னரே, அரண்மனை ஆதரவோ கல்லூரிப் பட்டமோ இன்றி, ஒரு வைத்தியர் அதனை எழுப்பிவிட்டார்.

1917-இல் அவருடைய கருணாமிர்த சாகரம் வெளியாயிற்று. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல். அதனை அச்சிடுவதற்காகவே போலத் தஞ்சையில் தாமே மின்சாரத்தால் இயங்கும் அச்சகம் ஒன்றை, சென்னை ஆளுநர் லாலியின் பெயரால், நடத்தி வந்தார். (நம் வயலுக்குச் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது 1902-இல். அக்காலத்தில் மின்சாரம் என்பது எத்தகைய அதிசயம் என்பதை நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.)

அவர் வாழ்வில் நாம் பெரிதும் எண்ணிப் பார்ப்பது செல்வத்தின் அளவை அன்று. இசை ஆராய்ச்சி ஐம்பதாம் வயதில் பொழுதுபோக்குக்காகப் பிடித்துக்கொண்ட பொருளாக இருந்திருப்பின் பரோடா வரை நடந்திராது. திண்டுக்கல்லில் ஏழை மாணவனாகக் கற்ற இசை அது. பள்ளியிலே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னபோதும், மருந்து அரைத்தபோதும் உள்ளே அடங்கிக் கிடந்தது. செல்வம் அதற்கு இடமும் நேரமும் வாங்கித் தந்தது, அதனை உண்டாக்கவில்லை. மற்றொன்று: அவர் மருந்துச் சாலையை மூடிவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தாரல்லர். மருந்து விற்ற பணம் மாநாட்டுக்கு அரிசியாயிற்று. தோட்டத்தின் வருவாய் அச்சகத்துக்குத் தாளாயிற்று. பழைய தொழிலை நுகத்தில் வைத்துக்கொண்டே புதிய வண்டியை ஓட்டினார். ‘எல்லாவற்றையும் விட்டுவிட்டால்தான் நிம்மதி’ என்று காலனியில் சிலர் சொல்லும் பேச்சு இவ்வரலாற்றின்முன் நிற்காது.

நம் பெரியவர்களுள்ளும் அடங்கிக் கிடப்பவை உண்டு. தெருக்கூத்தில் வேடம் கட்டியவர், பஜனைக்கு மிருதங்கம் வாசித்தவர், சுரங்கத்தின் ஆழ அகலங்களைக் கைரேகை போல் அறிந்தவர், பாட்டன் ஊரின் பெயரும் தெருவும் தெரிந்த கடைசி மனிதர் எனப் பலர் நம் பக்கத்து வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்பாரில்லை, கேட்டு எழுதிக்கொள்வாரும் இல்லை. சங்கத்தார் ஓர் ஆளும் ஒரு நோட்டுப் புத்தகமும் ஏற்பாடு செய்தால் நன்று என்று செயற்குழுவில் தெரிவித்திருக்கிறோம்.

பண்டிதர் 1919 ஆகஸ்ட் 31-இல் மறைந்தார். அறுபது நிறைந்து ஒரு மாதமும் ஆகவில்லை; இரயில்வேயில் நமக்கு விடைகொடுத்து அனுப்பும் வயது அதுவே. தாம் வளர்த்த தோட்டத்திலேயே அவரை அடக்கம் செய்தனர். கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் புத்தகம் அப்பொழுது வெளிவந்திருக்கவில்லை. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1946-இல், அவர் புதல்வியார் மரகதவல்லி துரைப்பாண்டியன் அதனை வெளியிட்டார்.