குமுளி சாலையில் ஒரு டிசம்பர்

2011-ஐ உலகமே போராட்டங்களின் ஆண்டு என்று எழுதியது. பிப்ரவரியில் எகிப்தின் முபாரக் பதவியை விட்டு இறங்கினார். செப்டம்பரில் நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட் பக்கம் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். நம் ஊரில் ஊழலுக்கு எதிராக அன்னா ஹசாரே ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் டெல்லியில் உண்ணாவிரதம் இருந்தார், தொலைக்காட்சிகள் வேறு எதையுமே காட்டவில்லை! அதே ஆண்டு டிசம்பரில் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலும் மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். டெல்லி சேனல்களுக்கு அது ஓரத்தில் ஓடும் ஒரு வரிச் செய்தி. கம்பம், கூடலூர் மக்களுக்கு அது இன்றும் "அந்த டிசம்பர்".

முல்லைப் பெரியாறு என்றதும் இரண்டு மாநிலங்களின் சண்டை, நீதிமன்ற வழக்கு, அணையின் அடிக்கணக்கு என்றே பேச்சு போய்விடுகிறது. அந்த நாட்களில் சாலையில் நடந்தவர்கள் யார், அதற்காக எதை இழந்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை தேவை.

1876-78 பஞ்சத்துக்குப் பிறகு, மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனை மறுபடி உயிர்பெற்றது. 1886 அக்டோபரில் திருவிதாங்கூருடன் 999 வருடக் குத்தகை கையெழுத்தானது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய் வாடகை (1970-இல் இது 30 ரூபாய் ஆனது). ஜான் பென்னிகுயிக் கட்டிய அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வரும் தண்ணீர் லோயர் கேம்ப்பில் மின்சாரமாகிவிட்டு, பள்ளத்தாக்கு வயல்களுக்குப் போய், மிச்சம் வைகை அணைக்குச் சேர்கிறது. லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணீரை நம்பித்தான். அதற்குக் கீழே மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று பட்டியல் நீள்கிறது.

சிக்கல் ஆரம்பித்தது 1979-இல். அந்த ஆகஸ்டில் குஜராத்தின் மோர்பியில் மச்சு அணை உடைந்து பெரும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அந்தப் பயம் கேரளத்துக்கும் பரவியது. மத்திய நீர்வள ஆணையத்தின் கூட்டத்தில் அணையைப் பலப்படுத்துவது என்றும், அதுவரை நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்குவது என்றும் முடிவானது. 152 அடி வரை தேக்கிய அணை அது. பலப்படுத்தும் வேலைகளைத் தமிழகம் தன் செலவில் செய்தது. மட்டம் ஏறவில்லை. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்து 136-லேயே பூட்டுப் போட்டது. 'தற்காலிகம்' என்று சொல்லி இறக்கியது, 2011-இல் 32-ஆவது வருடத்தில் இருந்தது.

இந்த 32 வருடமும் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்குக் கோபம் கேரளத்தின் மீது மட்டும் இல்லை. 1979-இல் ஒப்புக்கொண்டது யார் என்று திமுகவும் அதிமுகவும் மாறி மாறிக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தன, தேர்தலுக்குத் தேர்தல் இரண்டுமே 'உரிமையை மீட்போம்' என்றன. தண்ணீர் இறங்கியதால் வெளியே தெரிந்த கரைகளில் ஆக்கிரமிப்புகளும் விடுதிகளும் வந்துவிட்டன, மட்டம் ஏறினால் அவை மூழ்கும் என்பதால்தான் ஏற்ற விடமாட்டேன் என்கிறார்கள் என்று விவசாயிகள் வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார்கள். கேரளத் தரப்பு இதை ஏற்றதில்லை. ஆனால் கூடலூர் டீக்கடையில் முல்லைப் பெரியாறு என்பது பாதுகாப்புப் பிரச்சினையாக அல்ல, பணப் பிரச்சினையாகத்தான் பேசப்பட்டது.

2011 நவம்பரில் இடுக்கி மாவட்டத்தில் நில அதிர்வுகள் உணரப்பட்டன. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு, உப்புதரை பக்கம் வாழ்பவர்களின் பயம் போலியானது என்று சொல்லிவிட முடியாது. சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்துக் கட்டிய 116 வருட அணைக்குக் கீழே தினமும் தூங்குகிறவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் பயத்தைக் கட்சிகள் கையில் எடுத்த விதம் வேறு. அமைச்சராக இருந்த டி.எம். ஜேக்கப் அக்டோபர் கடைசியில் இறந்துபோனதால் பிறவம் தொகுதிக்கு இடைத்தேர்தல் வரவிருந்தது. 140 பேர் சபையில் 72 பேரோடு ஆட்சிக்கு வந்திருந்த உம்மன் சாண்டி அரசுக்கு ஒவ்வொரு இடமும் உயிர். நவம்பர் 25-இல் 'டேம் 999' என்ற படம் வேறு வந்தது, தமிழகம் அதைத் தடை செய்தது. டிசம்பர் தொடக்கத்தில் கேரள அரசின் தலைமை வழக்கறிஞரே, அணைக்கு ஏதாவது ஆனாலும் இடுக்கி அணை அந்தத் தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும் என்ற பொருளில் உயர் நீதிமன்றத்தில் பேசிவிட்டார். உண்மையைச் சொன்னதற்காகவா, நேரம் தெரியாமல் சொன்னதற்காகவா தெரியாது, சொந்த மாநிலத்திலேயே அவரை ஆளாளுக்குத் திட்டித் தீர்த்தார்கள். டிசம்பர் 8-இல் இடதுசாரிகள் மலையிலிருந்து கொச்சி வரை 200 கிலோமீட்டருக்கும் மேல் மனிதச் சுவர் நிறுத்தினார்கள்.

இதற்கு நடுவேதான் குமுளியிலும் சுற்றுவட்டார ஏலத்தோட்டங்களிலும் தமிழர்கள் தாக்கப்பட்ட செய்திகள் கீழே வர ஆரம்பித்தன. வண்டிகள் நொறுக்கப்பட்டன, சபரிமலைக்குப் போன ஐயப்ப பக்தர்களும் தப்பவில்லை. தோட்டத்து லயங்களில் குடும்பத்தோடு இருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு கால்நடையாகவே மலை இறங்கினார்கள். காலங்காலமாக கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் தூக்குச் சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைக்குப் போய் ஏலக்காய் எடுத்துவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்பி வருவார்கள். அந்த ஜீப்புகள் நின்றன. அடிபட்டுத் திரும்பியவர்கள் சொந்த அக்கா, சின்னம்மா, பக்கத்து வீட்டுக்காரம்மா. தொலைக்காட்சி சொன்னால் ஒரு மாதிரி, சின்னம்மா அழுதுகொண்டே சொன்னால் வேறு மாதிரி இல்லையா?

பிறகு நடந்ததற்கு எந்தக் கட்சியும் தேதி குறிக்கவில்லை. கூடலூர், கம்பம், காமயகவுண்டன்பட்டி, புதுப்பட்டி என்று ஊர் ஊராக மக்கள் கிளம்பி லோயர் கேம்ப்பை நோக்கி நடந்தார்கள். அங்கிருந்து மலைப்பாதையில் ஏறினால் குமுளி. நடந்தும், டிராக்டரிலும், டூவீலரிலும் போனார்கள். கைக்குழந்தையோடு பெண்கள் வந்தார்கள். கம்பத்தில் எல்லா மதத்துக்காரர்களும் ஒரே கூட்டத்தில் நடந்தார்கள். ஆயிரங்களில் தொடங்கியது சில நாட்களில் பல்லாயிரங்கள் ஆனது. மலை ஏறவிடாமல் போலீஸ் தடுத்தது, தடியடி நடந்தது, எல்லையின் இரண்டு பக்கமும் 144 போடப்பட்டது. மறுநாளும் கூட்டம் வந்தது. தலைவர்கள் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவர்கள்தான்.

வணிகம் படிப்பவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பொதுவாகக் கடையடைப்பு, மறியல் என்றால் எதிராளிக்கு நஷ்டம் வரவேண்டும். இங்கே குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று வழிகளும் அடைபட்டன. பள்ளத்தாக்கின் காய்கறி, வாழை, திராட்சை, பால், இறைச்சிக்கான மாடு எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் கேரளம்தான் சந்தை. அங்கே காய்கறி விலை ஏறியது உண்மைதான். இங்கேயோ பறித்த காய் வாங்க ஆளில்லாமல் கிடந்தது. டிசம்பர் என்பது சபரிமலை சீசன், கம்பம் வழியாக வரும் வண்டிகளை நம்பி வருடம் முழுவதும் காத்திருக்கும் ஓட்டல்களும் கடைகளும் ஏராளம். பக்தர்கள் செங்கோட்டை வழியாகத் திரும்பிப் போனார்கள். ஏலக்காய் எடுப்பு நேரத்தில் கூலி இல்லை. போடிநாயக்கனூரின் ஏலக்காய் வியாபாரமே அந்த மலையிலிருந்து இறங்கும் சரக்கை நம்பி நடப்பது. ஆக, அந்தச் சாலையை அடைத்தவர்களின் அடுப்பு எரிந்ததே அந்தச் சாலையால்தான்! வயல் இருப்பவருக்காவது தண்ணீர் வந்தால் லாபம். அரை ஏக்கர்கூட இல்லாத ஏலத்தோட்டக் கூலிக்கு 142 அடியால் நேரடியாக என்ன வரும்? இருந்தும் அவர்கள்தான் முன்வரிசையில் நின்றார்கள். தண்ணீருக்காக மட்டும் அவர்கள் நடந்ததாகத் தோன்றவில்லை, மலையில் பட்ட அவமானத்துக்கும் சேர்த்துத்தான்.

அசிங்கமான பக்கத்தையும் மறைக்கக்கூடாது. தேனி மாவட்டத்தில் மலையாளிகளின் கடைகளும் தோட்டங்களும் தாக்கப்பட்டன. தமிழகத்தின் மற்ற ஊர்களிலும் கேரளத்துக்காரர்களின் கடைகள் மூடிக்கிடந்தன. இருபது வருடமாக கம்பத்தில் டீ ஆற்றியவர் எந்த அணைக்கு ஷட்டர் போட்டார்? மேலே சின்னம்மாவுக்கு நடந்ததும் கீழே டீக்கடைக்காரருக்கு நடந்ததும் ஒன்றுதான்.

டிசம்பர் 15-இல் தமிழக சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டி தீர்மானம் போட்டது. 21-ஆம் தேதி கேரளம் செல்லும் 13 சாலைகளில் மறியல் என்று வைகோ அறிவித்து நடத்தினார். அதற்குள் பள்ளத்தாக்கு ஏறக்குறைய மூன்று வாரம் தெருவில் இருந்திருந்தது. (அதே மாதக் கடைசியில் அன்னா ஹசாரே மும்பையில் உட்கார்ந்தபோது மைதானம் பாதிக்கு மேல் காலி.) புத்தாண்டையொட்டி மெல்ல மெல்ல வண்டிகள் ஓட ஆரம்பித்தன. ஜீப்புகளும் மலை ஏறின. போகாமல் எத்தனை நாள் இருக்க முடியும்?

2012-இல் நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு அணை உறுதியாக இருப்பதாக அறிக்கை தந்தது. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு கேரளத்தின் சட்டம் செல்லாது, 142 அடி தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த நவம்பரில், 35 வருடங்களுக்குப் பிறகு, மட்டம் 142-ஐத் தொட்டது. மதுரையில் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக்குக்கு அரசு மணிமண்டபம் கட்டி 2013 ஜனவரி 15-இல், அவர் பிறந்த நாளில் திறந்தது. வருடா வருடம் அன்று அங்கே பொங்கல் வைக்கிறார்கள். கூட்டம் மறிக்கப்பட்ட அதே சாலை ஓரத்தில்தான் அந்த மண்டபம் இருக்கிறது. 2011-இல் நடந்தவர்களைப் பற்றி ஒரு கல்வெட்டு வைத்தால் யார் பெயரைப் போடுவது என்ற பிரச்சினை வந்திருக்கும்.

152 அடிக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. அதற்கு முன் பக்கத்திலுள்ள பேபி அணையைப் பலப்படுத்த வேண்டும். அதற்காக 15 மரங்களை வெட்ட 2021 நவம்பரில் கேரள வனத்துறை அனுமதி கொடுத்தது. செய்தி வெளியானதும், சில நாட்களிலேயே அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.