கடிகாரம் யாருடையது?: சதுரங்க நேரம் பற்றிச் சில குறிப்புகள்

சதுரங்கத்தின் வரலாறு காய்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் கடிகாரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு; அது அதிகாரத்தின் வரலாறும்கூட.

1851 லண்டன் போட்டியில் நேர வரம்பே கிடையாது. எதிராளி வில்லியம்ஸ் மணிக்கணக்கில் யோசித்தே தன்னைச் சோர்வடையச் செய்துவிட்டார் என்று ஸ்டான்டன் புலம்பினார். 1861-இல் ஆண்டர்சனும் கோலிஷும் மணற்குடுவை வைத்து ஆடினார்கள்: 2 மணி நேரத்தில் 24 நகர்வுகள். 1883 லண்டன் போட்டிக்கு, மான்செஸ்டரைச் சேர்ந்த வில்சன் வடிவமைத்த இரட்டைக் கடிகாரம் வந்தது. ஒன்று ஓடினால் மற்றது நிற்கும். எதிராளியை உட்காரவைத்தே தோற்கடிக்கும் வித்தை அதோடு போச்சு.

வேலையை வைத்து நாளை அளந்த மனிதரை மணிக்கணக்குக்குப் பழக்கியது ஆலை என்பதை ஈ.பி. தாம்சன் 1967-இல் விரிவாக எழுதினார். ராஜபாளையம் வட்டாரத்தில் பஞ்சாலைச் சங்கு செய்ததும் அதைத்தான். ஆனால் இரண்டு கடிகாரத்தையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆலையின் நேரம் முதலாளியின் கையில். சதுரங்கக் கடிகாரமோ இருவர் கண் முன்னாலும் இருந்தது. இருவர் கைக்கும் எட்டியது.

சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய தால் செஸ் கிளப்பின் மின்னல் ஆட்டங்களில் தோற்றவர் எழுந்துவிட வேண்டும், ஜெயித்தவர் தொடரலாம். விஸ்வநாதன் ஆனந்தின் வேகம் அங்கே பழகியது. நேரத்தைச் சேமிப்பது அங்கே இருக்கையைத் தக்கவைப்பது. ஒவ்வொரு நகர்வுக்கும் சில விநாடிகளைக் கூட்டித் தரும் கடிகாரத்துக்கு ஃபிஷர் 1988-இல் காப்புரிமை கோரினார். 1992-இல் ஸ்பாஸ்கியுடன் அதை வைத்தே ஆடினார்.

இணைய ஆட்டத்தில் கடிகாரம் மேசையை விட்டுப் போய்விட்டது. அது எங்கோ ஒரு சர்வரில் ஓடுகிறது. சோழபுரத்தில் கைபேசியில் ஆடும் பையனிடம் 'டைம் பாத்து ஆடுடா' என்கிறோம். எந்த டைம்? அவன் யோசித்த நேரமா, சிக்னல் தேடிய நேரமா? திரையில் இரண்டும் ஒரே கணக்கு.

2020 இணைய ஒலிம்பியாட் இதை வெட்டவெளிச்சமாக்கியது. ஆளுக்கு 15 நிமிடம், நகர்வுக்கு 5 விநாடி கூடுதல். காலிறுதியில் ஆர்மேனியாவின் மார்ட்டிரோசியன் இணைப்பு அறுந்து இந்தியாவின் நிஹால் சரினிடம் நேரத்தில் தோற்றார். முறையீடு தள்ளப்பட்டது, ஆர்மேனிய அணி விலகியது. ஆகஸ்ட் 30 இறுதியாட்டத்தில் அதே நிஹாலுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு போய் நேரம் தீர்ந்தது. அன்று உலகின் பல பகுதிகளிலும் இணையம் தடுமாறியிருந்தது. இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டு வெற்றியாளர்கள் என்று அறிவிக்கப்பட்டது. இங்கே நாம் மகிழ்ந்தோம். ஆனால் ஊர் முழுக்க இருட்டானால் விபத்து, ஒரு வீட்டில் மட்டும் விளக்கு அணைந்தால் அவன் குற்றம் என்கிற தர்க்கத்தை யார் கேள்வி கேட்டது?

ஆகவே நேர மேலாண்மை என்று சொல்லப்படும் விவேகத்துக்கு இரண்டு பக்கம். ஒன்று ஆடுபவன் கையில் இருப்பது. தெரிந்த தொடக்க நகர்வுகளில் நேரத்தைத் தின்னாமல், சிக்கலான நடு ஆட்டத்துக்கு வைத்துக்கொள்வது. 5 விநாடிக் கூடுதல் 40 நகர்வில் 200 விநாடி தரும். அதை நம்பிக் கடைசி விநாடிவரை போகாமல் ஒரு நிமிடமாவது கையிருப்பு வைப்பது. 20 விநாடி இணைப்பு போனால் 8 விநாடி வைத்திருப்பவன் தோற்பான், 60 வைத்திருப்பவன் மீள்வான்.

இந்தக் கையிருப்பு ஒரு வரி. நல்ல இணைப்பு உள்ளவன் அந்த ஒரு நிமிடத்தையும் யோசிக்கச் செலவிடுகிறான். இல்லாதவன் பயத்துக்குக் கட்டுகிறான். திரையில் இருவருக்கும் 15 நிமிடம்தான். மற்றொரு பக்கம் இதுதான், இதைத் தனிமனித சாமர்த்தியத்தால் சரிசெய்ய முடியாது. 1883-இல் கடிகாரத்தை மேசைக்குக் கொண்டுவந்தது ஆட்டக்காரர்களின் நெடுநாள் முணுமுணுப்பு. இப்போதும் யாராவது முணுமுணுக்கத்தான் வேண்டும்.