பங்குனி ஆமைகளும் ஐம்பது ஆண்டுப் பேரேடும்

ஜனவரி முதல் மார்ச் வரை வார இறுதி இரவுகளில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஒரு கூட்டம் கடலோரமாக நடந்து வருவதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பி, ஏறத்தாழ 7 கிலோமீட்டர் மணலில் நடந்து, விடியும் நேரத்தில்தான் வீடு திரும்புவார்கள். ஊரில் இதற்கு 'ஆமை நடை' என்று பெயர். பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், நம் நகரம் ஐம்பது ஆண்டுகளாக எழுதிவரும் ஒரு கணக்கு அது. எழுதுபவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. அந்தக் கணக்கின் வரலாற்றை நம் குடியிருப்பு வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கணக்குக்கு உரியவரைப் பற்றி. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்று அழைக்கப்படும் இந்த ஆமையை நம் கரையோர மக்கள் பங்குனி ஆமை என்பார்கள். ஓடு இரண்டு அடிக்குச் சற்று அதிகம். பெண் ஆமை இரவில் கரையேறி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அதன்பின் திரும்பிப் பார்க்காது. சுமார் 45 முதல் 55 நாட்களில் குஞ்சுகள் தாமாகவே மணலைக் கிளறி வெளியே வரும். அவற்றில் பெரிய ஆமையாக வளர்வது ஆயிரத்தில் ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அந்த ஒன்றும் முட்டையிடும் பருவத்துக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இதே ஆமை ஒடிசாவின் கஹிர்மாதா கரையில் சில நாட்களுக்குள் லட்சக்கணக்கில் கூட்டமாக ஏறி முட்டையிடுகிறது. 1974-ல் ராபர்ட் பஸ்டர்ட் என்ற ஆய்வாளர் மூலம் இது வெளியுலகுக்குத் தெரியவந்தது. 1997-ல் அந்தக் கடற்பகுதி கடல்வாழ் உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நம் கரையின் நிலைமை வேறு. இங்கே ஆமைகள் ஒன்று இங்கும் ஒன்று அங்குமாகத் தனித்தனியே வருகின்றன. சரணாலய வேலி கிடையாது. குப்பங்களும் மாளிகைகளும் உணவகங்களும் நெருங்கி நிற்கும் நகரக் கடற்கரை இது. ஆகவே இங்கே கணக்கெடுக்க ஒரே வழி, ஒவ்வோர் இரவும் யாராவது நடந்து பார்ப்பதுதான்.

அப்படி முதலில் நடந்தவர்கள் 1970-களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சுற்றித் திரண்ட இளைஞர்கள். பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேகர் அவர்களுக்கு முன்னோடி. அக்காலத்தில் ஆமை முட்டைகளைத் தோண்டி எடுத்து விற்பது சாதாரணமாக நடந்தது. மனிதர் விட்டுவைத்ததை நாய்களும் நரிகளும் தின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல்தான் வந்தது. எத்தனை ஆமை வருகிறது, எங்கே வருகிறது என்பதற்கு எழுதிவைத்த கணக்கு இல்லை. எனவே அந்த இளைஞர்கள் இரவில் நடந்து கூடுகளைத் தேடினார்கள். முட்டைகளை எடுத்துவந்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் மறுபடி புதைத்துக் காத்தார்கள்.

அந்தக் குழுவில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்க வந்தவர், கடலின் பக்கம் போனவர், அங்கேயே நின்றுவிட்டார். பிற்காலத்தில் லட்சத்தீவு முதல் அந்தமான் நிக்கோபார் வரை, இந்தியக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களைக் கால்நடையாகவே அளந்தார். 1982-ல் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலி தீவில், மழைக்காலம் முழுவதும் தன்னந்தனியாகத் தங்கிப் பச்சை ஆமைகளைக் கணக்கெடுத்தார். பருவமழையில் படகு வராது என்று தெரிந்தே போனார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். அது 24 நாட்களில் இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அதைத் தபாலில் சேர்த்தார். பாஸ்கர் 2023-ல் காலமானார். நம் நாட்டில் எந்தக் கரையில் எந்த ஆமை வருகிறது என்ற முதல் வரைபடத்தில் பெரும்பகுதி இவர் நடந்த நடையிலிருந்து வந்தது.

இனி இந்தக் கணக்கு கைமாறிய கதை. 1970-களின் இறுதியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சென்னைக்கு அருகே பொரிப்பகம் நடத்தியது. 1980-களில் மாநில வனத்துறை நடத்தியது. அந்த தசாப்தத்தின் இறுதியில் அதுவும் நின்றது. பேரேடு அத்தோடு மூடப்பட்டிருக்க வேண்டும். ஆனால் 1988 வாக்கில் கல்லூரி மாணவர்கள் சிலர் தாங்களே நடக்கத் தொடங்கினார்கள். 'மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு' என்ற குழு அப்படிப் பிறந்தது. ஆரம்பகால மாணவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் இன்று நாடறிந்த கடலாமை ஆய்வாளர். மாணவர்கள் படிப்பு முடிந்து போவார்கள், புதியவர்கள் வருவார்கள். நடை மட்டும் நிற்கவில்லை.

2002-ல் நீலாங்கரையை மையமாகக் கொண்டு ட்ரீ அறக்கட்டளை தொடங்கப்பட்டது. இதன் சிறப்பு, மீனவக் குப்பங்களின் இளைஞர்களையே ஆமைக் காவலர்களாக்கியது. கடலையும் மணலையும் அவர்களைவிட அறிந்தவர் யார்?

வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னால், நான் இதைப் பேரேடு என்பது ஏன் என்று உங்களுக்குப் புரியும். ஆமை ஏறிய தடம் மணலில் அகலமாகப் பதிந்திருக்கும். ஏறிய தடமும் இறங்கிய தடமும் சேருமிடத்தில் கூடு. அங்கே குச்சியால் மெல்லத் தொட்டுப் பார்த்து, மணல் இளகிய இடத்தைக் கையால் தோண்டுவார்கள். தேதி, இடம், முட்டைகளின் எண்ணிக்கை எல்லாம் குறிக்கப்படும். முட்டைகளைப் பையில் கொண்டுபோய்ப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்து, அட்டை நடுவார்கள். ஒன்றரை மாதம் கழித்துப் பொரிந்தது எத்தனை, பொரியாதது எத்தனை என்று அதே கூட்டின் எதிரே எழுதப்படும். வரவுக்கு எதிரே செலவு. வங்கியில் நாங்கள் நாளிறுதியில் கணக்கை நேராக்காமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. இவர்களும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், இவர்கள் கணக்கு நேராகும்போது பொழுது விடிந்திருக்கும்.

இந்தக் கணக்கில் இன்னொரு பத்தியும் உண்டு. செத்து ஒதுங்கும் ஆமைகள். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு கரைகளிலும் அதையொட்டியும் இறந்து ஒதுங்கிய ஆமைகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதாகச் செய்திகள் வந்தன. ஆமை நீரில் வாழ்ந்தாலும் மூச்சு விட மேலே வர வேண்டும். மணிக்கணக்கில் இழுக்கப்படும் இழுவலையில் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும். கரைக்கு அருகே விசைப்படகுகள் மீன்பிடிக்கச் சட்டத்தில் தடை உண்டு. வலையிலிருந்து ஆமை தப்பிக்க வழிவிடும் சாதனமும் உண்டு. இரண்டும் நடைமுறையில் எந்த அளவுக்கு இருந்தன என்ற கேள்வியை எழுப்பியவை கரையில் கிடந்த உடல்களே. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு செய்தியைப் பார்த்துத் தாமாகவே வழக்கு எடுத்தது. அரசும் கண்காணிப்பைக் கூட்டியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. செத்த ஆமைகள் முந்தைய ஆண்டுகளிலும் ஒதுங்கின. 'ஏதோ சில ஆமைகள்தானே' என்று யாரும் தள்ளிவிட முடியாமல் போனதற்குக் காரணம், பக்கத்தில் வைத்து ஒப்பிடப் பழைய ஆண்டுகளின் எண்கள் இருந்தன. கூடுகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறும், இறங்கும். ஓர் ஆண்டை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது. இன்று கடலில் இறங்கும் குஞ்சு கரைக்குத் திரும்பப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதால், இன்றைய காப்பின் பலன் அப்போதுதான் தெரியும். இடையில் நான்கு ஆண்டு நடை நின்றால் அந்தப் பக்கங்களைப் பிறகு யாராலும் எழுத முடியாது.

நமக்கு இதில் என்ன வேலை? கடலுக்கு அருகே வசிப்பவர்கள் என்ற முறையில் நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பொரிந்த குஞ்சு வெளிச்சமான திசையை நோக்கித்தான் ஓடும். இருளில் கடல் வானமே வெளிச்சம் என்பது அதன் பிறவிக் கணக்கு. நகரத்தின் விளக்குகள் அதைப் பொய்யாக்கிவிடுகின்றன. குஞ்சு சாலைப் பக்கம் ஓடி, நாயிடமோ சக்கரத்திலோ சிக்கும். தாய் ஆமையும் வெளிச்சமான கரையில் ஏறத் தயங்கும்.

ஆகவே ஜனவரி முதல் மே வரை, கடலை நோக்கியிருக்கும் மொட்டைமாடி விளக்குகளையும் அலங்கார விளக்குகளையும் இரவு 10 மணிக்குமேல் அணைக்கலாம். பாதுகாப்புக்குத் தேவையானவற்றைத் தரையை நோக்கித் திருப்பி மறைக்கலாம். வரும் பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். மின்கட்டணமும் கொஞ்சம் குறையும் என்பதைப் பொருளாளர் கவனிக்கவும். கரையில் ஆமையைக் கண்டால் அலைபேசி வெளிச்சம் அடிக்காமல், தொடாமல், தள்ளி நின்று வனத்துறைக்குத் தெரிவியுங்கள். குஞ்சுகளை வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். சட்டப்படி அது குற்றம், நன்னீரில் அது பிழைக்கவும் செய்யாது.

முடிந்தால் ஒரு முறை உங்கள் பிள்ளைகளோடு நடந்து பாருங்கள். அந்த இரவில் ஆமை வராமலும் போகலாம். அப்போதும் குறிப்பேட்டில் 'கூடு இல்லை' என்று தேதியோடு எழுதுவார்கள். அதுவும் கணக்குதான்.