கழுத்தின் நீளம்

ஏழடிப்பட்டத்துச் சமணக் குகையில் 17 கல்படுக்கைகள் உண்டு. சித்தன்னவாசல்காரனான என்னைச் சிறுவயதில் கைபிடித்து அங்கே ஏற்றியவர் பெரியப்பா. அவருக்கு 72 வயதில் சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தபோது, வயிற்று மகாதமனி 58 மில்லிமீட்டருக்கு உப்பியிருப்பது தெரிந்தது. ஆண்களுக்கு 55ஐத் தொட்டாலே சரிசெய்வது பற்றிப் பேச்செடுப்பார்கள். கேத்லேப் டெக்னீஷியனான எனக்கு அந்த வாரம் தூக்கமே இல்லை.

"வயித்தக் கிழிக்காம செஞ்சிருவாங்களாப்பா?" என்றார்.

செய்துவிடலாம். ஆனால் அந்த வழி பிறந்த கதை நெடியது. 1948இல் ஐன்ஸ்டைனின் வீக்கத்தைச் சுற்றி செலோஃபேன் தாளைக் கட்டினார் ரூடால்ஃப் நிசென். 1955இல் அது வெடித்து ஐன்ஸ்டைன் இறந்தார். 1951இல் பாரிஸில் சார்ல் துபோ, வீங்கிய பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, இறந்தவர் ஒருவரின் தமனியை வைத்துத் தைத்தார். தொடையின் தமனி வழியாகத் துணிக்குழாயை உள்ளே செலுத்தும் வித்தையை, 1987இல் கார்கிவ் நகரில் வொலொதோஸ் மார்பு மகாதமனியில் செய்துகாட்டினார். வயிற்றில் அதைச் செய்தவர் ஹுவான் பரோதி. புவெனோஸ் ஐரிஸ், 1990 செப்டம்பர் 7.

பரோதியின் தொடக்க கால நோயாளிகள் சிலருக்கு டேக்ரான் குழாயின் மேல்முனையில் மட்டும்தான் ஸ்டென்ட். கீழ்முனை வழியாக ரத்தம் திரும்பி ஏறி வீக்கத்துக்குள் புகுந்தது. கீழேயும் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இந்தக் கசிவுக்கு எண்டோலீக் என்று பெயர் வந்தது அதற்குப் பிறகுதான். எங்கள் தொழில் கற்ற முதல் பாடமே அந்தக் கசிவு என்பேன்.

பிரிட்டனின் ஈவார்-1 ஆய்வில் முதல் 30 நாளில் இறந்தவர்கள், குழாய்வழிச் சிகிச்சையில் 1.7 சதவீதம், வயிற்றைத் திறந்ததில் 4.7. இதைப் படித்து மகிழ்ந்தவர்கள் 2016இல் வந்த நீண்டகால முடிவையும் படிக்க வேண்டும். எட்டு ஆண்டுக்குப் பின் நிலைமை தலைகீழ். பழைய வீக்கப்பை மறுபடி வெடித்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அதனால்தான் பெரியப்பாவின் ஸ்கேனை நான் வெட்டுவெட்டாகப் பார்த்தேன். சிறுநீரகத் தமனிக்குக் கீழே, வீக்கம் தொடங்கும்வரை உள்ள நல்ல பகுதியைக் 'கழுத்து' என்போம். துணிக்குழாயான உறை பிடித்து நிற்பது அங்கேதான். அவருக்கு 22 மி.மீ. நீளம், 24 மி.மீ. விட்டம், அதிகம் வளைவில்லை. விட்டத்தைவிட 10 முதல் 20 சதவீதம் பெரிய உறை வேண்டும். 28 எடுத்தார்கள். சிறியது நழுவும்; மிகப் பெரியது மடிந்து கசியும்.

உறையைச் செலுத்துமுன் ஹெப்பாரின் கலந்த உப்புநீரைப் பீய்ச்சி, கடைசிக் காற்றுக்குமிழியும் வெளியேறும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். விரித்தபின் பலூனால் அழுத்தி, சாயம் செலுத்திப் படம் எடுத்தோம். பைக்குள் சாயம் புகவில்லை.

ஒரு மாதத்தில் ஒரு ஸ்கேன், பிறகு ஆண்டுக்கு ஒன்று. மூன்றாம் ஆண்டு, "நல்லாத்தானே இருக்கேன்" என்று தட்டிக்கழிக்கப் பார்த்தார். நானே பைக்கில் உட்காரவைத்து அழைத்துப்போனேன். வீக்கப்பை 51 மி.மீ.க்குச் சுருங்கியிருந்தது. திரும்பும் வழியில் ஏழடிப்பட்டக் குன்றடியில் நிறுத்தச் சொல்லி, வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.